கேமராப் பெட்டியை வாங்குபவர் கண்ணெதிரே திறக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சென்னிமலை வட்டாரத்தைச் சேர்ந்த, பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியன். சென்ற ஐப்பசியில் ஒரு புதிய கேமரா வாங்குவதற்காகக் காலையில் புறப்பட்டு இரவில் திரும்பும் எண்ணத்தில் கோயம்புத்தூர் சென்றேன். புதியது என்று புதியதற்கான முழு விலையையும் பெற்றுக்கொண்டு எனக்குத் தரப்பட்டது, கடையில் பலர் கையில் புழங்கிய ஒன்று என்பது வீட்டுக்கு வந்த பிறகே தெரிந்தது. மூன்று நாள் கழித்து மறுபடியும் போய் வாதாடி மாற்றி வாங்கினேன். கடைக்காரர் முடிவில் மாற்றிக் கொடுத்துவிட்டதால் அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் விசாரித்துப் பார்த்தபோது இது ஒரு கடையோடு நிற்கும் பழக்கமாகத் தெரியவில்லை. வெளியூரிலிருந்து ஒரு நாள் பயணமாக வந்து பொருள் வாங்குகிறவர்களுக்கு இதனால் நேரும் துன்பத்தையும், அதைத் தவிர்க்கக் கடைக்காரர்கள் செய்யக்கூடிய மிக எளிய காரியத்தையும் தங்கள் நாளிதழ் வழியாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

கைப்பேசியிலேயே கேமரா இருக்கும்போது இந்த வயதில் எதற்கு இந்தச் செலவு என்று வீட்டிலேயே கேட்டார்கள். அதற்கு விடை சொல்லிவிட்டுத்தான் மேலே செல்ல வேண்டும். எங்கள் பகுதியில் காட்டு வரப்பிலும் வேப்பமரத்தடியிலும், புலியோடு போரிட்ட வீரர்களுக்கு நட்ட புலிகுத்திக் கற்களும் பிற நடுகற்களும் நிறைய உள்ளன. பல கற்களுக்குச் சுண்ணாம்பு பூசியும் எண்ணெய் தடவியும் எழுத்து மங்கிவிட்டது. கல்வெட்டு ஆய்வாளர் புலவர் செ. இராசு போன்றோர் நடந்தே ஊர் ஊராகத் தேடி, கல்லின்மேல் தாளை ஒற்றி மைப்படி எடுத்துப் படித்த மரபு கொங்கு நாட்டுக்கு உண்டு. என்னால் அந்த அளவுக்கு முடியாது என்றாலும், இருக்கிற கற்களை உள்ளது உள்ளபடி படமெடுத்து வைக்கலாம் என்று ஓய்வு பெற்ற நாள் முதல் முயன்று வருகிறேன்.

கைப்பேசிப் படத்தில் எனக்கு ஏற்பட்ட சிக்கல் இதுதான். கைப்பேசியில் ஒளியை வாங்கும் சில்லு சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். வெளிச்சம் குறைந்தால் கருவி பல படங்களை எடுத்து ஒன்றாகக் கோத்து, சொரசொரப்பை நீக்கி, விளிம்புகளுக்குத் தானாகவே மெருகேற்றிவிடுகிறது. முகத்தைப் படமெடுப்பதற்கு அது நன்று. கல்வெட்டுக்கு அது கேடு. உளி விழுந்த கோட்டையும் மழை அரித்த பள்ளத்தையும் அது ஒன்றாக்கிவிடும், அல்லது இல்லாத கோட்டைக் காட்டிவிடும். எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் அறச்சலூர் இசைக் கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கு ஐந்து கட்டமாக 'த, தை, தா, தை, த' என்று தொடங்கும் அந்தப் பழந்தமிழ் (தமிழி) எழுத்துகளில், ஒரு சிறு பக்கக்கோடுதான் 'த'வைத் 'தா' ஆக்குகிறது. அந்தக் கோட்டைக் கருவி தன் விருப்பத்துக்கு அழிப்பதையோ சேர்ப்பதையோ ஒரு தமிழாசிரியனால் எப்படி ஏற்க முடியும்? பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்து வைத்து, முக்காலியில் கேமராவை நிறுத்தி, அது கண்டதை மாற்றம் செய்யாத கோப்பாகவே சேமித்துக்கொள்ளும் வசதி எனக்குத் தேவைப்பட்டது. ஏறத்தாழ 24-க்கு 16 மில்லிமீட்டர் அளவுள்ள சில்லு கொண்ட, கண்ணாடி இல்லாத இன்றைய வகைக் கேமராக்களில் எளிய ஒன்று எனக்குப் போதும் என்று முடிவு செய்தேன். இங்கே கண்ணாடி என்று நான் சொல்வது, பழைய கேமராக்களின் உள்ளே பிம்பத்தைத் திருப்பிக் காட்டப் பொருத்தியிருந்த கண்ணாடியை.

இதை ஏன் உள்ளூரில் வாங்கவில்லை என்று கேட்கலாம். நான் வேலையில் சேர்ந்த காலத்தில் எந்தச் சிற்றூர்க் கடைவீதியிலும் ஒரு ஸ்டுடியோ இருக்கும். ஃபிலிம் சுருளும் அங்கேயே கிடைக்கும். மலைக்கு மேலே உதகையில் 1960-இல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையின் 'இந்து' கறுப்பு வெள்ளைச் சுருளை வாங்கி, இரவல் கேமராவில் பொருத்தி, பள்ளிச் சுற்றுலாவுக்கு 36 படங்களையும் எண்ணி எண்ணி எடுத்த நினைவு இன்னும் இருக்கிறது. அந்த ஆலையும் இன்று இல்லை, அந்த ஸ்டுடியோக்களில் பெரும்பாலானவையும் இல்லை. மிச்சமிருப்பவை பாஸ்போர்ட் அளவுப் படமும் நகல் எடுப்பதுமாகக் காலம் தள்ளுகின்றன. ஈரோட்டில் இரண்டு இடங்களில் கேட்டபோது, நான் சொன்ன வகை கையிருப்பில் இல்லை என்றும், முன்பணம் கட்டினால் வரவழைத்துத் தருவதாகவும் சொன்னார்கள். இணையத்தில் வாங்குவதற்கு மனம் ஒப்பவில்லை. மூக்குக் கண்ணாடி அணிந்தவன் கேமராவின் கண்துளை வழியே பார்த்தால் ஓரங்கள் தெரிகின்றனவா, பக்கத்தில் உள்ள சிறு சக்கரத்தைத் திருப்பினால் என் பார்வைக்குத் தெளிவு கூடுகிறதா, மூட்டுவலி உள்ள விரலுக்குப் பிடி வசப்படுகிறதா என்பதையெல்லாம் கையில் எடுத்துப் பார்க்காமல் அறிய முடியாது. ஆகவே கோவைக்குப் புறப்பட்டேன்.

காலை ஆறரை மணிக்கு எங்கள் ஊர் நகரப் பேருந்தைப் பிடித்துப் பெருந்துறை சென்று, அங்கிருந்து கோவைப் பேருந்தில் ஏறினேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் அவிநாசியில் வந்து சேர்ந்துகொண்டான். அதுவரை தேசிய நெடுஞ்சாலையில் ஓடிய வண்டி, கோவையை நெருங்கியதும் ஜி.டி. நாயுடு பெயர் தாங்கிய புதிய மேம்பாலத்தின் நிழலிலே ஊர்ந்தது. தாமே படம்பிடிப்பதில் பெரும் ஆர்வம் கொண்டிருந்தவரின் பெயரிலான பாலத்தைக் கடந்து கேமரா வாங்கப் போவது நல்ல சகுனம் என்று அவனிடம் சொன்னேன். சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜா ஸ்டுடியோவும் இயங்கிய ஊர் அல்லவா என்றும் சொன்னேன். அவன், "அதெல்லாம் இருக்கட்டுங்க மாமா, பில்ல மட்டும் சரியா வாங்கிக்கோணும்" என்றான். அவன் சொன்னதை நான் இன்னும் கூர்ந்து கேட்டிருக்க வேண்டும்.

காந்திபுரத்தில் இறங்கி முதலில் நுழைந்த கடையில் விலை எனக்கு வியப்பாக இருந்தது. நான் விசாரித்து வைத்திருந்த தொகையைவிட ஒன்பதாயிரம் ரூபாய் குறைத்துச் சொன்னார்கள். காரணம் கேட்டபோது, பில் இல்லாமல் ஒரு துண்டுச் சீட்டு மட்டும் தருவதாகவும், வாரண்டி கடையிலேயே ஓராண்டு என்றும் பதில் வந்தது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். இந்தியாவில் இறக்குமதி செய்த நிறுவனத்தின் பெயர், முகவரி, பொருளைத் தயாரித்த மாதம், ஆண்டு, எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச விற்பனை விலை ஆகியவற்றைக் காட்டும் ஒட்டுச்சீட்டு அதில் இல்லை. சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் 2011-இல் வந்த பொட்டலப் பொருள் விதிகள்படி இந்த விவரங்கள் பெட்டியின் மேல் இருந்தே ஆக வேண்டும். அவை இல்லையென்றால், அந்தப் பொருள் தயாரிப்பாளரின் இந்தியக் கிளை வழியாக வரவில்லை என்றும், பழுதானால் அவர்களுடைய பழுதுபார்க்கும் நிலையம் இலவசமாகத் தொடாது என்றும் பெரும்பாலும் கொள்ளலாம். கேமராவுக்கு 28 விழுக்காடாக இருந்த ஜி.எஸ்.டி. வரி 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. இருந்தும் இந்த வகை வியாபாரம் ஒழியவில்லை. நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். கடைப்பையன், "யோசிச்சுட்டு வாங்க சார், ஒம்பதாயிரம் சும்மாவாங்க" என்றான். சும்மா இல்லைதான். என் ஓய்வூதியத்தில் அது பெரிய தொகை.

இரண்டாவது கடை குளிர்சாதன வசதியோடு, வகைக்கு ஒன்றாகக் கேமராக்களைச் சங்கிலியில் கட்டி மேசைமேல் வரிசையாக வைத்திருந்தது. விற்பனையாளராக இருந்த இளைஞர் மிகப் பொறுமையானவர். நான் கேட்ட அத்தனை கேள்விகளுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார், முக்காலியில் வைத்துக் காட்டினார், என் கண்ணாடிக்கு ஏற்பச் சக்கரத்தைத் திருப்பித் தந்தார். நான் விரும்பிய வகையையே தேர்ந்தெடுத்து, 18-55 மி.மீ. லென்ஸோடு சேர்த்து 68,500 ரூபாய் என்று முடிவாயிற்று. இதில் வரி மட்டும் பத்தாயிரத்து நானூறு ரூபாய்க்கு மேல். உள்ளே போனவர் பெட்டியை எடுத்து வருவதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. வந்த பெட்டியின் மேல்மூடியில் இருந்த சீல் ஏற்கெனவே அறுக்கப்பட்டிருந்தது. நான் கேட்டேன். "பேட்டரிய நாங்களே சார்ஜ் போட்டு வச்சுட்டமுங்க சார், நீங்க ஊருக்குப் போற நேரத்துல காத்துட்டு நிக்க வேண்டாம்னுதானுங்க" என்றார். இவ்வளவு அக்கறையாகச் சொல்கிறவரை எப்படிச் சந்தேகிப்பது? கேமராவை இயக்கினார், உடனே படம் காட்டியது. வண்ணமும் தெளிவும் நன்றாக இருந்தன. மணி நான்கைத் தாண்டியிருந்தது. பெருந்துறையிலிருந்து எங்கள் ஊருக்குக் கடைசி வண்டி இரவு ஒன்பதேகாலுக்கு. பணத்தைச் செலுத்தி, தனியே ஒரு புதிய மெமரி கார்டும் வாங்கிக்கொண்டு புறப்பட்டோம்.

வீட்டில் என் மகளின் பெண், பிளஸ் டூ படிப்பவள், பெட்டியைப் பிரித்தாள். கைப்பிடி வாரில் மடிப்பு விழுந்திருந்தது. அவள் கார்டை நுழைத்து, என்னை உட்கார வைத்து ஒரு படம் எடுத்தாள். பிறகு, "அப்புச்சி, புதுக் கேமரான்னா மொத மொதல்ல மொழி என்ன, தேதி என்னன்னு கேக்கோணும்னு இந்தப் புக்குல போட்டிருக்குது. இது எதுவுமே கேக்கலியே?" என்றாள். படத்தின் கோப்பு எண்ணைப் பார்த்தோம். காலியான புதிய கார்டில் முதல் படத்துக்கு 0001 என்று எண் விழுவதற்குப் பதிலாக 1347 என்று விழுந்திருந்தது. கேமரா தான் கடைசியாக எடுத்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு அதிலிருந்து தொடர்கிறது. மேசைமேல் சங்கிலியில் கட்டி வைத்திருந்த வரிசையில் இதுவும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். முக்கால் மணி நேரம் உள்ளே நடந்தது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் வேலை அன்று, துடைத்துப் பெட்டியில் வைக்கும் வேலை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

1347 படம் என்பது ஒரு கேமராவுக்குப் பெரிய தேய்மானம் அல்ல என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் ஷட்டரைச் சில வகைகளில் ஒரு லட்சம் முறைக்குச் சோதித்திருப்பதாகத் தயாரிப்பாளர்களே சொல்வதுண்டு. காட்சிக்கு வைத்திருந்த பொருளை, அப்படி வைத்திருந்தது என்று சொல்லி விலையைக் குறைத்து விற்பதிலும் தவறில்லை. ஐயாயிரம் குறைத்திருந்தால் நானே மகிழ்ச்சியோடு வாங்கியிருப்பேன். சொல்லாமல் மறைத்து, புதியதன் விலையை வாங்கியதுதான் குற்றம்.

அதைவிட என்னைக் கலங்கச் செய்தது அந்தப் பில். அதில் கேமராவின் பெயரும் தொகையும் வரியும் இருந்தன. கேமராவின் அடியில் பொறித்திருக்கும் தொடர் எண் இல்லை. வாரண்டி அட்டையோ முத்திரையும் தேதியும் இன்றி வெறுமையாக இருந்தது. நாளை நான் இதை எடுத்துக்கொண்டு போய் நின்றால், "நாங்க குடுத்தது இது இல்லீங்க" என்று ஒரே வார்த்தையில் அவர்கள் என்னைத் திருப்பி அனுப்பிவிடலாம். அவர்கள் கொடுத்தது இதுதான் என்று காட்ட என்னிடம் ஒரு துண்டு எழுத்தும் கிடையாது. நாற்பது ஆண்டுகளாக மாணவர்களுக்குப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே என்று சொல்லிக் கொடுத்தவன், பில்லைப் படிக்காமல் மடித்துப் பையில் வைத்தேன்.

தொலைபேசியில் கேட்டதற்கு, "பொருள எடுத்துட்டு நேர்ல வாங்க சார், பாத்துட்டுச் சொல்றமுங்க" என்றார்கள். உள்ளூர்க்காரருக்கு இது ஒரு சாதாரணப் பதில். எனக்கு அது இன்னொரு நாள், இன்னொரு முறை நான்கு பேருந்து. கோவையில் இருக்கும் கடையின்மேல் கோவையில்தான் வழக்குப் போட வேண்டும், அதற்கு எத்தனை முறை நடப்பது என்று மலைத்துப்போய், ஈரோட்டில் வழக்கறிஞராக இருக்கும் என் பழைய மாணவர் ஒருவரைக் கேட்டேன். அவர் சொன்ன செய்தி எனக்குப் புதிது என்பதாலும், தங்கள் வாசகர்களில் பலருக்கும் புதிதாக இருக்கலாம் என்பதாலும் அதை இங்கே எழுதுகிறேன். 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எதிர்த்தரப்பினர் இருக்கும் இடத்தில் அல்லது வழக்குக்குரிய காரணம் எழுந்த இடத்தில்தான் புகார் கொடுக்க முடிந்தது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொருளை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும் வாங்கியவர் தாம் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் அளிக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முதலில் முறையிட்டுப் பார்க்கலாம். பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்திருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்றும் அவர் விளக்கினார். பில்லில் காலக்கெடு குறிப்பிடப்படாவிட்டால், 30 நாட்களுக்குள் கொண்டுவரப்படும் குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதையும், பில் தராமல் விற்பதையும் நியாயமற்ற வணிக நடைமுறை என்றே அந்தச் சட்டம் வகைப்படுத்துகிறது.

இந்தத் துணிவோடுதான் மூன்றாம் நாள் மறுபடியும் போனேன். உரிமையாளரே இருந்தார். கம்பெனியிலேயே சோதித்துத்தான் அனுப்புவார்கள் என்று தொடங்கினார். ஆயிரத்து முந்நூறு தடவையா சோதிப்பார்கள் என்றேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி என்றார். "அப்படியே இருக்கட்டுங்க. கம்பெனியில சோதிச்சவரு நம்ம ஊரு நேரத்தயும் நிமிசம் பிசகாம வச்சுத்தான் அனுப்புனாருங்களா?" என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. நான் வெள்ளைத்தாளில் எழுதி வைத்திருந்த புகாரை மேசைமேல் வைத்தேன். மேலே ஈரோடு மாவட்ட ஆணையத்தின் பெயர் இருந்ததைப் படித்துவிட்டு, "பெரியவங்க, நாலெழுத்துப் படிச்சவங்க, இதுக்குப் போயி கோவிச்சுக்கறீங்களே" என்று சொல்லி, உள்ளேயிருந்து வேறொரு பெட்டியை எடுத்துவரச் செய்தார். காப்பியும் வந்தது. காப்பியை நான் தொடவில்லை. அது கொஞ்சம் அதிகப்படி என்று இப்போது தோன்றுகிறது.

இந்த முறை சீலை என் கையாலேயே அறுத்தேன். பேட்டரி தனியே நெகிழிப் பையில் இருந்தது. அதைப் போட்டு இயக்கியதும் திரை வெறுமையாக வந்து முதலில் மொழியைக் கேட்டது, பிறகு ஊர் நேரத்தையும் தேதியையும் கேட்டது. முதல் படத்துக்கு 0001 என்று எண் விழுந்தது. பெட்டியில் உள்ள தொடர் எண்ணும் கேமராவில் உள்ள எண்ணும் ஒன்றாக இருப்பதைப் பார்த்து, கேமராவுக்கும் லென்ஸுக்கும் உரிய எண்களைப் பில்லில் எழுதி முத்திரையிடச் செய்தேன். இவ்வளவுக்கும் ஆன நேரம் பன்னிரண்டு நிமிடம். முதல் நாளே இந்தப் பன்னிரண்டு நிமிடத்தைச் செலவிட்டிருந்தால், எனக்கு ஒரு நாளும் அவருக்கு ஒரு காப்பியும் மிச்சமாகியிருக்கும்.

அன்று அந்த இளைஞர் கடையில் இருந்தார், ஆனால் என் பக்கம் வரவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. எந்தப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்யும் இடத்தில் அவர் இருந்திருக்க மாட்டார்.

எனக்கு இது ஒரு பொழுதுபோக்குக் கருவி. ஆனால் எங்கள் தெருவில் போர்வை நெய்யும் தறிக்காரர் ஒருவரின் மகன், இரண்டு ஆண்டுகளாக ஈரோட்டில் ஒரு புகைப்படக்காரரிடம் உதவியாளாக இருந்துவிட்டு, தனியாகத் தொழில் தொடங்கக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கியிருக்கிறான். எங்கள் பக்கத்துக் கல்யாணம் என்றால் நாள்விருந்தில் தொடங்கி இணைச்சீர், அருமைக்காரர் நடத்தும் மற்றச் சீர்கள் என்று விடிய விடிய நடக்கும். ஒரு கல்யாணத்துக்கு இரண்டாயிரம் மூவாயிரம் படம் எடுக்கிறார்கள். அவனுக்குக் கேமரா என்பது அவன் தந்தைக்குத் தறி இருப்பது போல. ஏற்கெனவே யார் யாரோ எத்தனை முறை அழுத்தியது என்று தெரியாத ஷட்டரோடும், தொடர் எண் இல்லாத பில்லோடும் அவன் திரும்பி வந்தால், முகூர்த்த நேரத்தில் கருவி நின்றுபோனால், தாலி கட்டுவதை இன்னொரு முறை கட்டச் சொல்ல முடியுமா?

ஆகவே கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம் ஆகிய ஊர்களில் உள்ள கேமரா விற்பனையாளர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான். விற்கும் பெட்டியின் சீலை வாங்குபவர் கண்ணெதிரே மட்டும் அறுங்கள். வேறு காரணத்துக்காக முன்பே திறந்திருந்தால் அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். தொடர் எண்ணை எழுதாமல் பில்லைக் கையில் கொடுக்காதீர்கள். பெட்டியில் இறக்குமதியாளர் பெயரும் அதிகபட்ச விலையும் உள்ளனவா என்று சோதிக்கும் அதிகாரம் தொழிலாளர் துறையின் ஆய்வாளர்களுக்கு இருக்கிறது. எடைக்கல்லையும் பெட்ரோல் பங்க்கையும் சோதிப்பது போலவே, தீபாவளி, பொங்கல் விற்பனைக் காலத்தில் மின்னணுப் பொருள் கடைகளுக்குள்ளும் அவர்கள் ஒருமுறை நுழைந்து வர வேண்டும். சீட்டு மட்டும் எழுதி விற்கும் கடைகள் வணிகவரித் துறையின் கண்ணில் எப்படிப் படாமல் இருக்கின்றன என்பதும் எனக்குப் புரியவில்லை. பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் அவை இருக்கின்றன.

தங்களிடமும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது, பொறுத்துக்கொள்ள வேண்டும். பண்டிகை நாட்களில் தங்கள் நாளிதழின் முதல் பக்கத்தையே மறைத்து வெளிவரும் கடை விளம்பரங்களில், விலையின் தலையில் ஒரு சிறு நட்சத்திரக் குறி இருக்கிறது. அந்தக் குறிக்குரிய நிபந்தனை பக்கத்தின் அடியில், என் கண்ணாடியோடு பூதக்கண்ணாடியும் சேர்ந்தால் படிக்கக்கூடிய எழுத்தில் இருக்கிறது. காட்சிக்கு வைத்த பொருள்களும் இந்த விலையில் அடங்கும் என்று ஒரு விளம்பரத்தில் அப்படித்தான் கண்டேன். அந்த எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கும்படி விளம்பரம் தருவோரிடம் தாங்கள் சொல்லலாகாதா?

மேலே சொன்ன தறிக்காரர் மகன் தை முகூர்த்தங்களுக்கு முன்பாகக் கேமரா வாங்க மார்கழிக் கடைசியில் கோவை செல்ல இருக்கிறான். அவனுக்கு வேண்டியதை நானே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவனைப் போல அந்த மாதத்தில் பேருந்தேறப் போகும் மற்றவர்களுக்கும் எட்டும்படி, இக்கடிதத்தை மார்கழி முடிவதற்குள் வெளியிட்டால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
சென்னிமலை வட்டாரம், ஈரோடு மாவட்டம்.